ஹெட்போன் துளையில் ஊதுபத்திக் குச்சி

ஓய்வு பெற்ற மனிதனையும் ஸ்க்ரூடிரைவரையும் ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்றை ஒளித்துவைக்க வேண்டும். என் மனைவி சரோஜா ஸ்க்ரூடிரைவரை ஒளித்துவைத்தாள். அங்கேதான் தவறு செய்துவிட்டாள். ஒளித்துவைக்க வேண்டியது என்னை.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்து, கார்களுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தரும் வேலை அது. என் குணத்துக்குச் சம்பளமே இல்லாமல் செய்திருப்பேன். (ஓய்வு பெற்ற பிறகு அப்படித்தான் செய்தேன். வீட்டு இட்லியில் ஆரம்பித்து, பெருமாள் கோயில் புளியோதரை வரை நான் ஆய்வு செய்யாத பொருள் இல்லை.) எனக்கு எல்லாம் தெரியும் என்பது என் எண்ணம். எனக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது என்பது ஊரின் எண்ணம். ஊர் சொன்னதே சரி என்று நிரூபிக்க எனக்கு ஒரு மடிக்கணினியும், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றும் தேவைப்பட்டன.

என் மகன் முரளிக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே உற்பத்தி லைனில் இன்ஜினியராக இருந்த முத்துமாரி என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. (ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவன் என் ஜாடை.) அவள் படப்பையில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா கடலை மிட்டாய் போட்டு விற்பவர்.

"கடலை மிட்டாயா?" என்றேன் சரோஜாவிடம்.

"ஆமா. இன்னா இப்போ? நீங்க தகரம் வித்தீங்க, அவுரு மிட்டாய் விக்கறாரு. அதுவாச்சும் வாயில போட்டா இனிக்கும்."

மறுத்துப் பேச வழியில்லாததால் பெருந்தன்மையோடு சம்மதித்தேன். பெண் வீட்டார் ஒரே ஒரு உறுதிமொழி கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போவாள், அதில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. முரளி என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, இதுக்கு நீங்க மனசார ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டான். "தாராளமா" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. மனம் அந்த நேரத்தில் வேறு எங்கோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஆடி மாதத்தில் பெண் பார்க்கக் கூடாது. ஆவணி வரை காத்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமையில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக முத்துமாரி ஊருக்குப் போயிருந்தாள். முரளி ஒரு வழி சொன்னான். கணினியில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வோம். நேரில் போகாததால் அது பெண் பார்த்ததாகாது. இரு வீட்டுப் பெரியவர்களும் யோசித்து, கணினிக்கு ஆடி கிடையாது என்று ஒப்புக்கொண்டோம். சனிக்கிழமை மாலை நான்கு மணி என்று பேச்சு.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் முரளியின் மடிக்கணினியில் ஹெட்போன் மாட்டிக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. ஹெட்போனைக் கழற்றாமல் எழுந்தேன். வயர் என்னோடு வந்தது, மடிக்கணினி வர மறுத்தது. டக்கென்று ஒரு சத்தம். அதுதான் அந்த மடிக்கணினி ஒழுங்காக எழுப்பிய கடைசிச் சத்தம். அதற்குப் பிறகு ஹெட்போனை எடுத்த பின்பும் பாட்டு வெளியே கேட்கவில்லை. ஹெட்போன் இன்னும் செருகியிருக்கிறது என்றே திரையின் மூலையில் அது காட்டிக்கொண்டிருந்தது.

முரளி அன்று காலை ஷிப்டில் இருந்தான். போனில் சொன்னேன்.

"அப்பா, ஒண்ணும் செய்யாதீங்க. துளைக்குள்ள இருக்கற தகடு ஒட்டிக்கிட்டிருக்கும். ஹெட்போன நாலு தடவ போட்டுப் போட்டு எடுங்க. வரலன்னா விட்டுடுங்க, நான் வந்து பாத்துக்கறேன். தயவுசெஞ்சு வேற எதுவும் செய்யாதீங்க."

போட்டுப் போட்டு எடுத்ததில் ஒருமுறை சத்தம் வந்து, போய், மறுபடி வந்தது. இன்னும் இரண்டு தடவை செய்திருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் அதில் என் அறிவுக்கு என்ன வேலை? போட்டு எடுப்பதைக் குரங்குகூடச் செய்யும்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தக் கோளாறு வந்தாலும் 'ஒய்-ஒய்' என்று ஒன்று போடுவோம். ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் கோளாறின் வேர் இருக்கும். இதைத் தனியாகச் செய்யக் கூடாது, குழுவாக உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது விதி. என் குழு சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்ல பாக்கறதுக்கு எதுக்குக் கேசரி?" என்றேன்.

"முறைன்னு ஒண்ணு கீது இல்ல? அவங்க பாக்கட்டும், நாம துன்னலாம்."

"சரி, அடுப்ப அணைச்சிட்டு வா. ஒய்-ஒய் போடணும். ஏன் சத்தம் வரல?"

"கெட்டுப்போச்சு."

"ஏன் கெட்டுது?"

"நீங்க வயரோட இழுத்தீங்க."

"ஏன் இழுத்தேன்?"

"காதுல மாட்டிக்கினே எழுந்தீங்க."

"ஏன் மாட்டிக்கினே எழுந்தேன்?"

"மாட்டியிருக்கறதே மறந்துபோச்சு. எப்பப் பாத்தாலும் அது காதுலதானே கீது."

"ஏன் எப்பவும் காதுல இருக்கு?"

"வூட்ல நான் பேசறது உங்க காதுல வுழக் கூடாது, அதான்."

தொழிற்சாலையில் இவ்வளவு தெளிவாக வேரைத் தொட்ட ஊழியருக்கு மேடையேற்றிக் கைக்கடிகாரம் கொடுத்திருப்பேன். வீட்டில் நடந்ததால் குழுவைக் கலைத்துவிட்டேன்.

பிறகு தனியாக முடிவுக்கு வந்தேன். தூசி. (தொழிற்சாலையிலும் எதுவும் புரியாதபோது தூசி என்றுதான் எழுதுவோம்.) துளைக்குள் போகக்கூடிய அளவில் மெல்லிய கருவி வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கிடைக்கவில்லை. பூஜை அலமாரியில் ஊதுபத்திக் குச்சி கிடைத்தது. விளக்குத் திரியைப் பிரித்துப் பஞ்சாக்கி அதன் நுனியில் சுற்றினேன். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயில் தோய்த்தேன். துளைக்குள் விட்டு, முதலில் வலப்பக்கம் சுழற்றினேன். பிறகு, முழுமையான சுத்தம் என்பதற்காக, இடப்பக்கம் சுழற்றினேன்.

வெளியே எடுத்தபோது குச்சி குட்டையாக இருந்தது. பஞ்சு இல்லை.

மிச்சம் எங்கே போயிருக்கும் என்பதை யோசிக்க ஒய்-ஒய் தேவைப்படவில்லை. அதுவரை சில சமயம் மட்டும் ஹெட்போன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த மடிக்கணினி, இப்போது நிரந்தரமாக அப்படி நம்பத் தொடங்கியது. ஹெட்போனையே செருகலாம் என்றால் அதற்கும் இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஊதுபத்தி குடியேறிவிட்டது.

முரளி வந்து துளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துளைக்குள் முகர்ந்து பார்த்தான்.

"இன்னாப்பா இது, சாம்பிராணி வாசனை வருது?"

"சந்தனம்" என்றேன். தகவல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன்.

அவனுக்குக் கத்த நேரமில்லை. நான்கு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. "பஸ் ஸ்டாண்டு கிட்ட ஸ்பீக்கர் கிடைக்கும். யு.எஸ்.பி.யில சொருகற மாதிரி வாங்கிட்டு ஓடி வந்துடறேன். அவங்க கூப்பிட்டா எடுக்காதீங்க. அம்மா, பாத்துக்கோ" என்றவன், செல்போனைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சரியாக நான்கு மணிக்குத் திரையில் முத்துமாரியின் பெயர் மின்னியது.

"எடுக்கக் கூடாதுன்னான்" என்றாள் சரோஜா.

"சம்பந்தி வீட்டுலேர்ந்து கூப்பிட்டா எடுக்காம இருக்கறது மரியாதையா?" என்று பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் முத்துமாரி. ஒரு பக்கம் அவள் அம்மா. மறுபக்கம் அவள் அப்பா, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்ததுபோல. கைகூப்பினார்கள். வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். அவர்கள் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள்.

"பேசாம உக்காருங்க. நாம பேசறது அவங்களுக்குக் கேக்கப் போவுது" என்று சரோஜா உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

அப்போது நான் சொன்ன வாக்கியத்தை என் கல்லறையில் பொறிக்கலாம். (எங்கள் வழக்கத்தில் கல்லறை இல்லை என்பதால் தப்பித்தேன்.)

"நமக்குக் கேக்கலன்னா அவங்களுக்கு மட்டும் எப்படிடீ கேக்கும்? பைப்புல அடைப்பு இருந்தா ரெண்டு பக்கமும் தண்ணி போவாது."

பொறியியல் படித்த வாய் சொன்னது இது. நான் அடைத்தது கணினியின் வாயை மட்டும்தான். மைக் என்ற அதன் காது திரைக்கு மேலே பளிச்சென்று திறந்திருந்தது. ஒரு பெட்டிக்கு வாயும் காதும் தனித்தனியாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் அந்த இரண்டில் ஒன்றுதான் வேலை செய்தது என்பதால் இருக்கலாம்.

முகத்தில் சம்பந்திக்கு உரிய புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினேன்.

"சட்டையப் பாரு. குண்டூசிகூட எடுக்கல போல. மிட்டாய்க்காரருன்னு சொல்லவே வேணாம், பாகு ஊத்தின மாதிரி உக்காந்திருக்காரு."

திரையில் அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தற்செயல் என்று நினைத்தேன்.

"சுவத்துக்கு இன்னா கலர் அடிச்சிருக்காங்க பாரு. கண்ணு கூசுது. அந்தம்மா வாய மூடவே மாட்டாங்க போலிருக்கே? சத்தம் வராதது பெருமாள் புண்ணியம்."

அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

"அவங்க மூக்குத்தி நல்லா கீது" என்றாள் சரோஜா. அந்த மாலையில் எங்கள் வீட்டிலிருந்து போன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

முத்துமாரி கையை உயர்த்தி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். உள்ளறையில் முரளியின் செல்போன் அடிக்கத் தொடங்கியது. "எடுக்காத. அவனோட சூப்பர்வைசரா இருப்பான், ஓவர்டைமுக்குக் கூப்புடுவான்" என்றேன். முத்துமாரி எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எதையோ எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். படம் கலங்கலாக இருந்தது. எழுத்துகள் எறும்புபோல் ஊர்ந்தன. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, டிகிரி சர்டிபிகேட்டக் காட்டறா. படிச்ச திமிரு."

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் கோமாளியாகத் தப்பியிருப்பேன். நிறுத்தவில்லை.

"பொண்ணு பரவாயில்ல. பேருதான் முத்துமாரி, முனியம்மான்னு. கல்யாணம் ஆனதும் மாத்திடலாம். வேலைய விடறதுக்கும் அப்ப சொல்லிக்கலாம். ராத்திரி ஷிப்டு, லைனு, ஆம்பளைங்களோட மல்லுக்கட்டறது, இதெல்லாம் நம்ம வூட்டுக்கு ஒத்து வருமா? இப்போதைக்கு ஊம்னு தலையாட்டி வெப்போம். தாலி ஏறட்டும்."

புன்னகையை மாற்றாமல்தான் சொன்னேன். திரையில் மூன்று முகங்களிலும் இருந்த புன்னகை போய்விட்டது. முத்துமாரி தாளை மெதுவாகக் கீழே வைத்தாள். நெட் சரியில்லை, படம் உறைந்துவிட்டது என்று சரோஜாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முரளி மூச்சிரைக்க உள்ளே வந்து ஸ்பீக்கரைச் செருகினான்.

கொரகொரவென்று ஓர் ஓசை. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அந்த மனிதரின் குரல் வந்தது.

"சட்ட புதுசுதான் சார். எம்மவ எடுத்துக் குடுத்தா."

அடுத்து முத்துமாரி, "முரளி, அப்புறம் பேசுறேன்" என்றாள். திரை இருண்டது.

"இன்னாப்பா பேசினீங்க?" என்றான் முரளி. நான் ஸ்பீக்கரின் விலையை விசாரித்தேன். சரோஜா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுக்கு நல்ல ஞாபகசக்தி. என் வாழ்வின் பெரும் சோதனைகளில் அதுவும் ஒன்று.

அன்று இரவே முத்துமாரி அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்க அப்பா போட்ட திட்டம் உனக்கும் தெரியுமா?" தெரியாது என்று சொன்னான். அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? தாராளமாக என்று அப்பா சொன்னார் என அவளிடம் போய்ச் சத்தியம் செய்தவன் அவன்தானே. என்னுடைய பொய்யை அவன் தன் வாயால் சுமந்துகொண்டு போயிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் சாப்பிடவில்லை. கம்பெனி கேன்டீனில் முடித்துக்கொண்டான். கிடைத்த ஓவர்டைமையெல்லாம் எடுத்தான். என்னோடு பேசவில்லை. முத்துமாரி ஊரிலிருந்து திரும்பியதும் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள் என்று சரோஜா சொல்லித் தெரிந்தது. கேசரியை நான் மட்டும் தின்றேன். குறை சொல்லாமல் தின்ற முதல் பதார்த்தம்.

ஒருநாள் காலையில் அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு முறை முயன்றும் லேஸ் முடிச்சு விழவில்லை. அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்றுதான் என் மண்டைக்குள் ஏறியது. தொழிற்சாலையில் ஒரு தகடு கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று அடிக்கலாம்.

ஆவணி பிறந்ததும், சரோஜாவையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு மன்னிப்பு உரை தயாரித்தேன். முன்னுரை, விளக்கம், ஹெட்போன் துளையின் அமைப்பு, முடிவுரை. "துளையப் பத்தி ஒரு வார்த்த பேசினீங்க, நான் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுவேன்" என்றாள் சரோஜா.

கடையின் பின்பக்கம்தான் வீடு. வறுத்த கடலையும் வெல்லமும் மணக்க, பனியனோடு வந்து நின்றார் முத்துமாரியின் அப்பா. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நான் உரையைத் தொடங்கினேன்.

"இருங்க சார். மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தேன். உரை தண்ணீரோடு இறங்கிவிட்டது. மிச்சமிருந்தது கொஞ்சம்தான். "நான் பேசினது தப்பு. மனசுல அப்படி நெனச்சது அதவிடத் தப்பு. முரளிக்கு எதுவும் தெரியாது. அவன் உங்ககிட்ட உண்மையத்தான் சொன்னான். பொய் என்னோடது" என்றேன்.

அவர் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"சட்டயச் சொன்னீக, சுவத்தச் சொன்னீக. அது போவுது. எங்க வீட்டுக்காரி வாயப் பத்திச் சொன்னது பாதி நெசந்தான்."

"என்னது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. வேலய விடச் சொல்லணும்னு சொன்னீகளே சார், அதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய? வேலைக்குப் போறவ அவ."

முத்துமாரி அப்போது விடுப்பில் வந்திருந்தாள். கூப்பிட்டார். வந்து நின்றாள். அதே வார்த்தைகளை அவளிடமும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"முரளிக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அவன் பாவம்" என்றாள். அதுவரை அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, எனக்காக அல்ல. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நான் வேலய விட மாட்டேன் மாமா. பேர மாத்த மாட்டேன். உங்க வீட்ல வந்து இருக்கவும் மாட்டேன். வேற எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

மாமா என்ற சொல்லைக் கேட்டதும் சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று 'மாட்டேன்'களையும் தாண்டி அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்கும்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சொன்னபடியே தனிக்குடித்தனம், மறைமலை நகரில். மேலே மேலே பதவி உயர்வு பெற்று, அவள் இன்று எத்தனையோ பேரை மேய்க்கிறாள். மாமியாரோடு அவளுக்கு நல்ல ஒட்டுதல். என்னோடு மரியாதை. மரியாதை என்பது எவ்வளவு தூரமான பொருள் என்பதை அதைப் பெறுகிறவன்தான் அறிவான். வாரத்தில் சில நாள் நான் இரண்டு பஸ் மாறிப் போய், அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே வீடாக இருந்திருந்தால் பேத்தி என் மடியிலேயே வளர்ந்திருப்பாள். கெடுத்துக்கொண்டது நான்.

பேத்திக்குக் காதுகுத்து கோவில்பட்டியில் நடந்தது. பந்தியில் தன் உறவினர்களிடம் சம்பந்தி என்னைச் சுட்டிக்காட்டி அறிமுகம் செய்திருக்கிறார்.

"எங்க சம்பந்தி. ரொம்பப் படிச்சவுக. ஒரே ஒரு விசயம். இவுக பேசினா நமக்குக் கேக்கும். நாம பேசினா இவுகளுக்குக் கேக்காது."

பந்தியே சிரித்ததாம். இன்றுவரை இரு வீட்டிலும் எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் இலை போடுவதில்லை. 'சிரித்ததாம்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் அதைச் சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். சாம்பாரில் புளி எந்த நிலையில் சேர்க்கப்பட வேண்டும் என்று பரிமாற வந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததால், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்பதைச் சரோஜாதான் எனக்கு இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.